கம்பிவேலிக்கு வெளியே ஒரு கோச்

கம்பிவேலிக் கோச் என்றொரு மனித இனம் உண்டு. ரொறொன்ரோவில் எங்கெல்லாம் புல்லை வெட்டி, வெள்ளைக் கோடு போட்டு, இரண்டு பக்கமும் வலை கட்டியிருக்கிறார்களோ, அங்கெல்லாம் செப்டெம்பர் முதல் சனிக்கிழமையே இது வந்து இறங்கிவிடும். ஒரு கையில் கோப்பி, மறு கையில் வேலிக் கம்பி, காதை மூடிய குல்லா, வாயில் இருபத்திரண்டு பேருக்கும் நடுவருக்கும் பங்கிட்டுக் கொடுத்தாலும் மிஞ்சக்கூடிய ஆலோசனை. வேலிக்கு உள்ளே, விசிலும் கையுமாக இன்னொரு கோச் நிற்பார். கல்லூரி நியமித்தவர். அவரை நீங்கள் பொருட்படுத்தத் தேவையில்லை. நம்மவரும் பொருட்படுத்துவதில்லை.

இவருக்கு விளையாடத் தெரியவேண்டுமா? அவசியமில்லை. ஒரு காலத்தில் விளையாடியதாக இவரே சொல்வார். முழங்கால் போயிராவிட்டால் எங்கேயோ போயிருக்கவேண்டிய ஆள் என்றும் சொல்வார். எந்த முழங்கால் என்பது மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

இவருடைய விதிமுறைகள் மிகவும் எளிமையானவை. கோச் ஆளை மாற்றினால், "உவன் என்னத்துக்கு இப்ப மாத்திறான்?" மாற்றாவிட்டால், "உவன் என்ன மரம் மாதிரி நிக்கிறான்?" அணி வென்றால் பிள்ளைகள் வென்றார்கள். தோற்றால் கோச் தோற்றான். சமநிலையில் முடிந்தால், வெல்லவேண்டிய ஆட்டத்தைக் கோச் தோற்கப்பார்த்தான், பிள்ளைகள்தான் ஒருமாதிரிக் காப்பாற்றினார்கள்.

இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி ஒன்றைப் பார்க்க விரும்பினால் மில்லிக்கனில் இருக்கும் அருள்நாயகத்தைப் பாருங்கள்.

அருள்நாயகத்துக்கு ஐம்பத்தேழு வயது. மார்க்கம் நகரில் ஒரு பெரிய பண்டகசாலையில் சூப்பர்வைசர். அங்கே அவர் சத்தம்போட்டு யாரும் கேட்டதில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பெடியன் ஒரு அடுக்குப் பெட்டியை அப்படியே கவிழ்த்துக் கொட்டினாலும், "இற்ஸ் ஓகே, இற்ஸ் ஓகே" என்று தானும் குனிந்து பொறுக்குவார். வீட்டில் இன்னும் சாது. மனைவி சந்திரவதனா எந்த உடுப்பை எடுத்து வைக்கிறாவோ அதைப் போடுவார். வாரம் முழுவதும் இப்படி விழுங்கி விழுங்கி வைத்த குரல் அத்தனையும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத் திறந்துகொள்ளும். மற்றவர்கள் காரில் இருந்து இறங்கும்போது மடக்குக் கதிரையை எடுப்பார்கள். இவர் தொண்டையைச் செருமுவார்.

இவருடைய ஒரே மகள் அட்சயா, கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணியில் மூன்றாம் வருடம். கனடாக்காரர் அதைச் சொக்கர் என்பார்கள். அருள்நாயகத்துக்கு அது என்றைக்கும் ஃபுட்போல்தான். அட்சயா இடதுகால்காரி. இடது பின்களத்தில் நின்று, வருகிற பந்தை மறித்து, ஓரமாக ஓடிப்போய் அளந்து வைத்ததுபோல முன்னுக்கு அனுப்புவாள். அப்படியொரு இடதுகால் அந்தக் கல்லூரியில் வேறு யாருக்கும் இல்லை. இதைத் தகப்பன் சொல்கிறார் என்று தள்ளிவிடாதீர்கள். எதிரணிக் கோச்மாரும் சொன்னார்கள்.

அணியின் கோச் பெயர் அலெக்ஸாண்டர். நாற்பதுக்குக் கிட்டிய வயது, நம்மட ஆள்தான். ஏழு வயதில் இங்கு வந்து, ஸ்காபரோவில் படித்து வளர்ந்தவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் மெதுவாகப் பேசுவார். கம்பிவேலிக் கோச்சின் அகராதியில் இதற்குப் பெயர் "ஆளிட்ட சரக்கில்லை."

போன வருடச் சீசனின் முதலாவது ஆட்டத்தில்தான் பிரச்சினை தொடங்கியது. முதற்பாதியில் அட்சயா வழக்கம்போல இடப்பக்கம். இடைவேளை முடிந்து பார்த்தால் வலப்பக்கத்தில் நிற்கிறாள்! அருள்நாயகம் கோப்பியைப் புல்லில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் வேலியைப் பிடித்தார்.

"கோச்! ஹலோ, கோச்! அவள் லெஃப்ற் ஃபுட்! லெஃப்ற்! தம்பி, உமக்கு இடம் வலம் தெரியாதோ?"

பக்கத்தில் நின்ற ஸ்ரீஸ்கந்தராசா தலையாட்டினார். ஸ்ரீஸ்கந்தராசா ஓய்வுபெற்ற மனிதர். அவருக்கு அணியில் பிள்ளையும் இல்லை, பேத்தியும் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் மைதானம் இருப்பதால் வருகிறவர். தலையாட்ட ஓர் ஆள் கிடைத்துவிட்டால் கம்பிவேலிக் கோச்சுக்கு அது ஒரு பயிற்சிக் குழு முழுவதும் கிடைத்த மாதிரி.

அன்றைய ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. சரி, ஒருநாள் பரிசோதனையாக்கும் என்று அருள்நாயகம் பெருந்தன்மையோடு மன்னித்தார். இரண்டாவது ஆட்டத்தில் அட்சயா முதற்பாதி முழுவதும் வலப்பக்கம், பின்பாதி இடப்பக்கம். மூன்றாவதில் மறுபடி முதலில் இடம், பிறகு வலம். நான்காவதிலும் அதேதான். அருள்நாயகம் எழுதிவைக்க ஒரு கொப்பி வாங்கினார்.

அந்தக் கொப்பியில் திகதி, எதிரணி, காற்று எந்தப் பக்கம், வெயில் எந்தப் பக்கம், அட்சயா எந்தப் பக்கம், அதனால் எத்தனை பந்து தவறியது என்று ஆறு நிரல். வேலைக்கும் கொண்டுபோவார். சாப்பாட்டு நேரத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒழுங்கைத் தேடுவார். ஒழுங்கு அகப்படாது. வெயிலுக்காக மாற்றுகிறானா? மழை நாளிலும் மாற்றியிருக்கிறான். எதிரணியில் வேகமான ஆள் நிற்கிற பக்கமா? அதுவும் பொருந்தவில்லை. ஒரு விளக்கமும் மிஞ்சாதபோது மனிதன் எந்த முடிவுக்கு வருவான்? எதிரே நிற்பவன் முட்டாள் என்ற முடிவுக்குத்தான்.

"அப்பா, ப்ளீஸ். ஜஸ்ற் வோட்ச் த கேம்," என்றாள் அட்சயா ஒருநாள் காரில்.

"நான் உனக்காகத்தானே கதைக்கிறன். உன்ர கோச்சுக்கு ஒண்டும் விளங்குதில்லை."

"ஹீ இஸ் அ குட் கோச்."

"நல்லவன் எண்டு நானும் சொல்லுறன். கோச் எண்டுதான் சொல்லமாட்டன்."

அவள் காதுக்குள் பாட்டை மாட்டிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். கோச்சின் மேல் உள்ள கோபத்தில் பிள்ளை வாயடைத்துப் போய்விட்டது என்று அருள்நாயகம் எடுத்துக்கொண்டார்.

ஒக்டோபர் நடுவில் ஓர் ஆட்டம், காரில் இரண்டு மணித்தியாலம் ஓடிப்போகவேண்டிய ஊரில். பண்டகசாலையில் அன்று வருடாந்தச் சரக்கெடுப்பு, எல்லாப் பெட்டியையும் எண்ணவேண்டிய நாள். அருள்நாயகத்தால் போக முடியவில்லை. முதல்நாளே கோச்சுக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டார், படத்தோடு. அட்சயாவை இடப்பக்கத்திலேயே தொண்ணூறு நிமிடமும் விடவேண்டும், மாற்றினால் பொறுப்பு உமதே என்று. சனிக்கிழமை மாலை செய்தி வந்தது. மூன்றுக்குப் பூச்சியம். வெற்றி. அட்சயா தொண்ணூறு நிமிடமும் இடப்பக்கம். மூன்றில் இரண்டு கோலுக்கு அவள் வைத்த பந்து.

அருள்நாயகம் பெட்டிகளுக்கு நடுவே நின்று கையை முறுக்கி உயர்த்தினார். ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு உடனே போன்.

"அண்ணை, பாத்தியளே? ஒரு மெயில். ஒரே ஒரு மெயில்!"

"ஓம் ஓம்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. பிறகு, "நீர் போகாத ஆட்டமெல்லே?" என்று கேட்டார்.

"ஓம், போகேலாமப் போட்டுது. போயிருந்தா அஞ்சு அடிச்சிருப்பினம்."

பிறகு கால் இறுதி வந்தது. தோற்றால் சீசன் முடிவு. சொந்த மைதானம். வழக்கமாக நாற்பது பேர் வருகிற இடத்தில் அன்று இருநூறு பேர் வேலி ஓரமாக நின்றார்கள். முதற்பாதியில் நம்மவர்கள் ஒரு கோல் முன்னுக்கு. இடைவேளைக்குப் பிறகு அட்சயா வலப்பக்கம்.

அருள்நாயகத்தின் முகம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். முகம் இருக்கவில்லை, வாய் மட்டும்தான் இருந்தது. இருபது நிமிடம் விடாமல் கத்தினார். அன்று அவர் தனி ஆளும் இல்லை. ஜக்கற் போட்ட மாணவர்கள், மற்றப் பெற்றோர், நாயோடு உலாவ வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வரைக்கும் கோச்சைத் திட்டினார்கள். "வேக் அப், கோச்!" "ஆளை மாத்து!" "என்ன செய்யிறாய் நீ?" அலெக்ஸாண்டர் கையைக் கட்டிக்கொண்டு, வேலிப் பக்கம் திரும்பாமலே நின்றார்.

எழுபத்தெட்டாவது நிமிடத்தில் எதிரணியின் பொன்னிறத் தலைமயிர்க்காரி ஒருத்தி வலது ஓரத்தால் வந்தாள். அட்சயா மறித்தாள், பந்தும் அகப்பட்டது. ஆனால் அகப்பட்டது வலதுகாலில். இடதுகாலுக்கு மாற்றுவதற்கிடையில் பந்து போய்விட்டது. கோல். எண்பத்தெட்டில் அதே ஓரம், அதே கால், இன்னொரு கோல்.

விசில் ஊதியபோது அட்சயா புல்லில் முழந்தாளிட்டு முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். தோழிகள் ஓடிப்போய்த் தூக்கினார்கள். அருள்நாயகம் அதைக் காணவில்லை. அவர் கோச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அலெக்ஸாண்டர்! வீட்டை போம்! என்ர பிள்ளையின்ர சீசனை நாசமாக்கிப் போட்டீர்!"

ஞாயிற்றுக்கிழமை மனு தயாரானது. கோச்சை நீக்கவேண்டும் என்று கல்லூரி விளையாட்டுப் பிரிவுக்கு. நாற்பத்து மூன்று கையெழுத்து. அதில் பதினொரு பேர் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. கோயிலில் செருப்புப் போடுகிற இடத்தில் வைத்து வாங்கிய கையெழுத்துகள். ஒரு அன்ரி, ரோட்டில் பஸ் தரிப்புக்குக் கூரை கேட்கிற மனு என்று நினைத்து இரண்டு தரம் போட்டிருந்தா. சந்திரவதனாவிடம் தாளை நீட்டினார். அவ வாங்கவில்லை.

"பிள்ளையிட்ட ஒருக்காக் கேட்டியளே?"

"அவளிட்ட என்ன கேக்கிறது? அவளுக்காகத்தானே செய்யிறன்."

சந்திரவதனா அடுப்பைக் குறைக்கப் போய்விட்டா.

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குக் கல்லூரியில் கூட்டம். விளையாட்டுப் பிரிவின் பொறுப்பாளர் ஜெனாட் என்ற பெண்மணி. மேசைக்கு ஒரு பக்கம் அவவும் அலெக்ஸாண்டரும். மறுபக்கம் அருள்நாயகம், துணைக்கு ஸ்ரீஸ்கந்தராசா. அருள்நாயகம் போட்டிருந்தது வேலைக்குப் போகிற நல்ல சேட், கையில் பதினான்கு பக்க அறிக்கை, மூன்று நிறத்தில் அம்புக்குறி. பேசத் தொடங்கும்போதுதான் கதவைத் திறந்துகொண்டு அணித் தலைவியும் உபதலைவியும் வந்தார்கள். உபதலைவி அட்சயா. வீராங்கனைகள் சார்பில் இருவரை அழைப்பது வழக்கம் என்றா ஜெனாட். அருள்நாயகம் மகளைப் பார்த்துச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

அவர் இருபது நிமிடம் பேசினார். நன்றாகவே பேசினார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திகதிவாரியாக, நிமிடவாரியாக. இடதுகால்காரியை வலப்பக்கம் விட்டதால் சீசன் முழுவதும் வாங்கிய கோல் ஏழு. கடைசியில் கொப்பியை மூடிவிட்டு, "மிஸ்டர் அலெக்ஸாண்டர், எனக்கு ஒரு கேள்விதான். ஏன்? வை?" என்று கேட்டார்.

அலெக்ஸாண்டர் மேசையைப் பார்த்தார். "அது என்ர முடிவு, அண்ணை. பிழையெண்டா என்ர பிழை."

"பிழையெண்டு இப்பவாவது ஒத்துக்கொள்ளுறீரே! மேடம், ப்ளீஸ் நோட்."

"கோச், ஸ்ரொப்," என்றாள் அட்சயா. எழுந்து நின்றாள். "நான்தான் கேட்டனான், அப்பா."

"என்னத்தை?"

"பக்கம் மாத்தச் சொல்லி. ஃபர்ஸ்ற் கேமுக்கு முதலே கேட்டனான்."

"நீயோ? ஏன் பிள்ளை?"

அவள் ஜெனாட்டைப் பார்த்தாள், கோச்சைப் பார்த்தாள், பிறகு தகப்பனை நேராகப் பார்த்தாள்.

"ஹாஃப் ரைமில ரெண்டு ரீமும் பக்கம் மாறும்தானே? அப்ப ஒரு ஹாஃபில லெஃப்ற் சைட் வேலிக்குக் கிட்ட வரும். நீங்கள் நிக்கிற வேலிக்கு. நான் எப்பவும் மற்றப் பக்கம் நிண்டா நடுவில அறுபது மீற்றர் இருக்கும். காத்தடிச்சா ஒண்டும் கேக்காது. கிட்ட நிண்டா எனக்குக் கால் நடுங்குது, அப்பா. பந்து எனக்குத் தெரியிறேல்ல. உங்கட சத்தம் மட்டும்தான். போன வருசமே விடப்போறன் எண்டு சொன்னனான். கோச்தான், இப்பிடிச் செய்து பாப்பம், விடவேண்டாம் எண்டவர்."

அருள்நாயகம் கொப்பியைத் திறந்தார். திகதி, காற்று, வெயில், இடம், வலம். ஆறு நிரலிலும் இல்லாத ஒன்று, தான் எந்தப் பக்கம் நின்றார் என்பது. அதை மனதுக்குள் ஏழாவது நிரலாகப் போட்டுப் பார்த்தார். முதலாவது ஆட்டம் பொருந்தியது. இரண்டாவது பொருந்தியது. எல்லாமே பொருந்தின. மூன்றுக்குப் பூச்சியம் இன்னும் நன்றாகப் பொருந்தியது. அன்றைக்கு அவர் எந்தப் பக்கமும் நிற்கவில்லை.

"எல்லா மட்சுமோ?" என்று மட்டும் கேட்டார். குரல் பண்டகசாலைக் குரலாக இருந்தது.

"எல்லாம்," என்றாள் அட்சயா. பிறகு தலைவியோடு வெளியே போய்விட்டாள்.

மனுவை அங்கேயே திருப்பி வாங்கிக்கொண்டார். காருக்குள் வந்து ஏறிய பிறகும் சாவியைத் திருப்பத் தோன்றவில்லை. ஸ்ரீஸ்கந்தராசா பக்கத்தில் இருந்து பெல்ற் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியுமோ, அண்ணை?"

"சரக்கெடுப்பு மட்சோட விளங்கிட்டுது."

"ஏன் சொல்லேல்லை?"

"நீர் சந்தோசமாய் இருந்தீர். கெடுப்பானேன்?"

வீட்டில் சந்திரவதனாவிடமும் அதே கேள்வியைக் கேட்டார். அவ அதே பதிலைச் சொல்லவில்லை. "சொன்னா நீங்கள் கேக்கிற ஆளோ?" என்றா. மூன்று நாள் மகள் அவரோடு பேசவில்லை. மூன்று நாளும் அவர் கொப்பியைத் தொடவில்லை. நான்காம் நாள் அவள் அறைக் கதவடியில் நின்று, "பிள்ளை, அப்பா பிழைதான்" என்றார். உள்ளிருந்து "ஓகே" என்று வந்தது. அந்த ஓகேயில் எவ்வளவு மன்னிப்பு இருந்தது என்பதை அளக்க அவரிடம் நிரல் எதுவும் இருக்கவில்லை.

இத்தோடு மனிதர் திருந்திவிட்டார், கதை சுபம் என்று எழுந்துவிடாதீர்கள். இனம் அவ்வளவு இலேசாக அழிந்துபோவதில்லை.

அந்த வார இறுதியில் அலெக்ஸாண்டரிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். அலெக்ஸாண்டர் வலைகளைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார். அருள்நாயகம் ஒரு முனையைப் பிடித்தார்.

"தம்பி, நான் உம்மை நல்லாப் பேசிப்போட்டன். குறை நினையாதையும்."

"அது பறவாயில்லை, அண்ணை. நீங்கள் சொன்னதும் சரிதான். இடதுகால் பிள்ளையை வலப்பக்கம் விட்டா கோல் வாங்கத்தான் வேணும். எனக்கும் தெரியும். பிள்ளை விளையாட்டை விடுறதைவிட ஏழு கோல் வாங்கலாம் எண்டு நினைச்சன்."

அருள்நாயகத்தின் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது. ஆனால் காருக்கு நடந்து வருகிற அந்த இருநூறு அடி தூரத்துக்குள் அலெக்ஸாண்டர் சொன்னதில் பின்பாதி மெல்ல மெல்லத் தேய்ந்து, காரைத் திறக்கும்போது முன்பாதி மட்டும் மிஞ்சியிருந்தது. கதிரையில் இருந்ததும் ஸ்ரீஸ்கந்தராசாவுக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, நான் சொன்னது சரியெண்டு கோச்சே ஒத்துக்கொண்டிட்டார்!"

அலெக்ஸாண்டர் இந்த வருடம் இல்லை. வீட்டுக்குக் கிட்ட, பிக்கரிங்கில் வேறொரு அணி கேட்டதால் போய்விட்டார். புதிய கோச் ஒரு இளம் பெண். அட்சயா வைத்த ஒரே நிபந்தனையின்படி அருள்நாயகம் இப்போது ஆட்டங்களைக் காருக்குள் இருந்து பார்க்கிறார். யன்னல் நாலும் மூடியிருக்க வேண்டும். ஹோர்ன் அடிக்கக்கூடாது. அட்சயா தொண்ணூறு நிமிடமும் இடப்பக்கம், வேலி கிட்ட இருந்தாலும் தூர இருந்தாலும். தூரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு சாம்பல் நிறக் கார் தெரியும். அதற்குள் ஒரு மனிதர் வாயைத் திறந்து திறந்து மூடுவதும், இரண்டு கையையும் கூரையில் இடிபடும்வரை உயர்த்துவதும் தெரியும். சத்தம் வராது. கண்ணாடி மட்டும் புகைத்துப் போகும். அப்போது துணியால் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்குவார்.

என்ன சொல்கிறார் என்பது பக்கத்தில் இருக்கும் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"அலெக்ஸாண்டர் ஒரு கோச்! அவன் கோச்! இந்தப் புதுக் கோச்சுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?"

அருள்நாயகத்தைப் பார்த்து நீங்கள் சிரித்திருப்பீர்கள். சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் இதை வாசித்துக்கொண்டு வரும்போது எங்கோ ஓரிடத்தில், 'அந்த அலெக்ஸாண்டர் முதல்நாளே தகப்பனைக் கூப்பிட்டு விசயத்தைச் சொல்லியிருக்கலாமே, நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்' என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? தோன்றியிருந்தால் ஒருதரம் குனிந்து உங்கள் கையைப் பாருங்கள். வேலிக் கம்பியைப் பிடித்திருக்கிறீர்கள்.